நான்காவது இடத்தில் வெள்ளாவி

இன்று காலை என் கையில் ஸ்பிரிட் தடவினார்கள்.

விசா புதுப்பிக்க ரத்தப் பரிசோதனை. மெடிக்கல் சென்டரில் பெண்கள் வரிசை. நர்ஸ் பஞ்சை நனைத்து முழங்கை மடிப்பில் ஒரு வட்டம் போட்டாள். குளிர்ந்தது. நெடி ஏறியது. "கை மடக்கிப் பிடிச்சோ" என்றாள் மலையாளத்தில். மடக்கினேன். எழுந்திருக்கவில்லை. "கழிஞ்ஞு, போய்க்கோ" என்று அவள் இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

நீ டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் உனக்கு முன்னால் அறைக்குள் நுழைவது இந்த நெடிதான். குளித்தாலும் போகாது. "இது எனக்க சென்ட்டாக்கும்" என்பாய். அல் கூஸில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன கிளினிக்கில் நீ நர்ஸ். விரல் நசுங்கியவர்கள், கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்கள், வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள். மதியம் கிளினிக்கை மூடி மாலையில் மறுபடி திறப்பார்கள். அந்த இடைவெளியில் கம்பெனி வேன் உன்னைக் கராமாவில், நம் கட்டட வாசலில் இறக்கிவிடும்.

அந்த மதியங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ வாசிக்கமாட்டாய். உயிரோடு இருந்தபோதும் நான் எழுதிய எதையும் நீ வாசித்ததில்லை. "நீயே வாசி, நான் கேக்கேன்" என்று கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய்.

அப்படியே கேள்.

*

நான் அப்போது இந்த வளைகுடா நகரத்துக்கு விசிட் விசாவில் வந்திருந்தேன். சென்னையில் ஆங்கில இலக்கியம் முடித்த கையோடு. பையில் துணியைவிடப் புத்தகங்கள் அதிகம். நகரத்தில் என்ன நிகழ்ச்சி, எங்கே சாப்பாடு, எந்தப் பாடகர் வருகிறார் என்று எழுதும் ஒரு வாரப் பத்திரிகை என்னைச் சோதனைக்கு எடுத்திருந்தது. எடிட்டர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பென்சிலைக் கூந்தலில் செருகி மறந்துவிட்டு இன்னொரு பென்சில் தேடுபவர். எனக்கு வேலை விசா எப்போது வரும் என்று அலுவலகத்தில் விசா வேலை பார்க்கும் மந்தூப்பிடம் கேட்டால், "இன்ஷா அல்லா" என்பார். நாளைக்கா? "இன்ஷா அல்லா." இந்த மாதமா? அதற்கும் அதுதான்.

ஒருநாள் எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் வாசகர்கள் கோடை விடுமுறையில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிறவர்கள். நியூயார்க்கில் பிராட்வே மேடைகளில் அந்த வருடம் வந்த புதிய இசை நாடகங்களில் எவை பெரிய நாடக விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். சிறந்த புதிய இசை நாடகத்துக்கு நான்கு இடங்கள். நான்கில் ஒன்றானால் டிக்கெட் விற்கும். ஆகாதவற்றில் பலவற்றைக் கோடை வருவதற்குள் இழுத்து மூடிவிடுவார்கள்.

"நீ நாடகம் படித்தவள்தானே? இந்தப் பக்கம் நன்றாக வந்தால் உன் விசாவுக்கு நானே சொல்கிறேன். வராவிட்டால் நாம் இருவரும் ஒருவர் நேரத்தை ஒருவர் வீணாக்க வேண்டாம்."

நான் அதுவரை ஓர் இசை நாடகத்தைக்கூட மேடையில் பார்த்ததில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன்.

"பாக்காத நாடகத்துக்கு மார்க் போடணுமா?" என்றாய். "செரி. போடுவோம்."

போடு என்று நீ சொல்லவில்லை. போடுவோம்.

வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். விசா முடிந்து திரும்பினால் நேராக ஒரு கல்யாண மண்டபத்துக்குள் இறங்குவேன். பக்கம் நன்றாக வருகிறது என்று நம்பிக்கையூட்ட அம்மாவை ஃபோனில் அழைத்தேன். "பிராட்வேயா? அங்க என்னடி நாடகம்? பஸ் ஸ்டாண்டுதானே இருக்கு?" அம்மாவுக்குத் தெரிந்தது சென்னை பிராட்வேதான். பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நின்ற நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். பிறகு எந்த நாடகத்தையும் நீ நாடகம் என்று சொல்லவில்லை. "இன்னைக்கு எந்த பஸ் கேக்கப் போறோம்?" "இந்த பஸ் கிளம்பாது மக்களே, டிரைவர் ஒறங்கியாச்சு."

*

கராமாவில் ஒரு பிரவுசிங் சென்டர். அந்த நாடகங்களின் இணையப் பக்கங்களில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கொஞ்சம் கேட்கக் கொடுத்திருப்பார்கள். அவற்றை இறக்கி, சிடியில் ஏற்றிக் கொண்டுவருவேன். கேட்பதற்கு உன் பழைய சிடி பிளேயர். அதற்கு ஒரே ஒரு இயர்ஃபோன்.

ஸ்பீக்கர் வைக்க முடியாது. மூன்று பேர் பங்கிட்ட அறை; மூன்றாவது கட்டிலில் அக்கா உறங்குவாள். யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு ஹோட்டலில் நைட் டியூட்டி, சலவைப் பிரிவு. பகல் முழுவதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக் கிடப்பாள். ஜன்னல் ஏசி லாரி மாதிரி இரையும். நாம் உன் கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு காதில் செருகிக்கொள்வோம். இடப்பக்கம் நான். வலப்பக்கம் நீ. எப்போதும் அப்படித்தான். மாறி உட்கார்ந்ததே இல்லை.

"என்னடி பிள்ளையள், ரெண்டு பேரும் ஒரு வயரில தொங்குறியள்?" அக்கா போர்வைக்குள்ளிருந்து.

நான் குறிப்பெடுப்பேன். மேடை, இடைவெளி, கதாபாத்திரத்தின் தனிமை. நீ குறிப்பெடுக்கமாட்டாய். ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாய். தமிழ் சினிமாவில் இசையமைப்பாளரிடம் டைரக்டர் சொல்வாரே, அந்த வார்த்தை.

"மொதல்ல சிச்சுவேஷன் சொல்லு."

சொல்வேன். இணையத்தில் படித்த கதைச் சுருக்கம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ எதுக்கு இந்த நேரத்துல பாடுகா? பேசினா போதாதா? அதச் சொல்லு."

பல சமயம் கதைச் சுருக்கத்தையே திரும்பச் சொல்வேன். சில சமயம் உன் கேள்வியே தவறு என்று வாதாடுவேன். காரணமில்லாமல் மனிதர்கள் பாடக்கூடாதா? "பாடலாம். குளியலறையில." நீ சொன்னதெல்லாம் சரி என்று இப்போது எழுதமாட்டேன். ரயில் நிலையத்தில் நடக்கும் ஒரு நாடகத்தை, முதல் பாட்டில் விசில் சத்தம் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கினாய். அது நான்கில் ஒன்றாக வந்தது. பல் டாக்டரைப் பற்றிய நகைச்சுவை நாடகம் உனக்கு உயிர். அதைப் பற்றி நியூயார்க்கில் ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை எழுதவில்லை.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாய். ரயில். பல் டாக்டர். பெரும்பணம் கொட்டி எடுத்த அரண்மனைக் கதைக்கு ராணி. நீராவி இஸ்திரி வைத்து ஒரு சின்னச் சலவைக்கடை நடத்தும் கணவன் மனைவி கதைக்கு வெள்ளாவி.

*

வெள்ளாவியில் ஒரு பாட்டு. கடையை விற்றுவிடலாம் என்று கணவன் முடிவு செய்த நாள்.

முதல்முறை முடிந்ததுமே உன் விரல் பொத்தானுக்குப் போனது. திரும்பப் போட்டோம். மறுபடியும். நீ வேனுக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். ஷூவில் காலை நுழைத்துக்கொண்டே சொன்னாய்: "நாலாவது இடம் இதுக்குத்தான்."

ராணிக்கு அந்த நான்காவது இடம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்தன. மற்ற மூன்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை நான்காவதுக்குத்தான். மறுநாள் உன்னை மடக்கினேன்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லு. வெள்ளாவிக்குக் கிடைக்குமா?"

"கிட்டணும்."

"நான் கேட்டது கிடைக்குமான்னு. கிடைக்கணுமான்னு இல்ல."

"கிட்டும்னு சொல்ல நான் யாரு, கமிட்டியா? கிட்டணும்னு சொல்லலாம்லா. பாட்டக் கேட்டவ நான்தான."

"அது ஆசைடி. கணிப்பு இல்ல."

நீ சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாய். முந்தின நாள் வந்த ஒரு வெல்டரைப் பற்றிச் சொன்னாய். கண்ணில் பொறி பட்டவன். ராஜஸ்தான்காரன். உன் கையைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான். கண் சரியாகிவிடுமா, சிஸ்டர்?

"ஹோனா சாஹியேன்னேன். ஆகணும் பாய். ஆகும்னு சொன்னேன்னு வையி, மருந்து போடமாட்டான். அதான் சிஸ்டர் சொல்லியாச்சேன்னு கேம்ப்ல போயிப் படுத்துருவான். ஆகாதுன்னு சொன்னாலும் போடமாட்டான். ஆகணும்னு சொன்னா, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. அவன் ஊத்துவான். நான் டாக்டர்ட்ட போயி இன்னொரு தடவ பாருங்கன்னு தொல்ல பண்ணுவேன்."

"அந்த வெல்டருக்கு நீ தொல்லை கொடுக்கலாம். நியூயார்க் கமிட்டிக்கு நான் எப்படிக் கொடுக்கறது?"

"உனக்கு ஒரு பக்கம் தந்திருக்காங்கள்லா?"

சிரித்தேன். கராமாவில் விற்காத பிரதிகளைக் கட்டிவைத்திருக்கும் ஒரு பத்திரிகை. அதை அந்தக் கமிட்டி வாசிக்குமா? ஆனால் அன்று மாலை எழுத உட்கார்ந்தபோது வெள்ளாவிக்கு வாதம் எழுதத் தொடங்கியிருந்தேன்.

*

நன்றாக எழுதினேன் என்று நினைத்தேன். அந்தப் பாட்டின் மௌனங்களைப் பற்றி ஒரு நீண்ட பத்தி. மனைவி ஒரு வரி பாடுகிறாள். நிற்கிறாள். நீண்ட வெறுமை. இன்னொரு வரி. விற்கப்படப்போகும் கடையில் ஒற்றைப் பெண். பதில் சொல்ல யாருமில்லை. தூரத்தில், காதுக்கு எட்டியும் எட்டாமலும், ஒரு நகரத்தின் இரைச்சல். பாட்டைவிட மௌனத்தை நம்பிய துணிச்சல் என்று முடித்திருந்தேன். எடிட்டர் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அழகு என்று எழுதினார். பக்கம் அச்சுக்குப் போக ஒரு நாள் இருந்தது.

உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். திறந்தாய்.

"யாரு ஒத்தைக்கு நிக்கா?"

"மனைவி."

"அவ எங்க பாடுகா? அவன்லா பாடுகான். அந்த மனுசன் விடாம ஏசுகான். அவ ஒரு வார்த்தை பேசல்ல. வாயத் தொறக்காம இஸ்திரி போட்டுட்டு நிக்கா. அதாக்கும் எனக்குப் பிடிச்சுது."

"அந்தப் பாட்டுல ஆணே கிடையாதுடி."

"ஏட்டி, உனக்குக் காது கேக்குமா?"

குரல் ஏறிவிட்டது. அக்கா போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"மனுசர் படுக்கிறதில்லையோ? ரெண்டு பேரும் ஒரே பாட்டோ கேட்டனியள்? கொண்டா இங்க."

இயர்ஃபோனை வாங்கி இரண்டு காதிலும் செருகினாள். நான் பொத்தானை அழுத்தினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாட்டு முடிந்தது.

"ரெண்டு பேரும் சண்டை பிடிக்கினம்."

"யாரு?"

"புருசனும் பெண்சாதியும். மனுசி இந்தக் காதுக்குள்ள, மனுசன் அந்தக் காதுக்குள்ள. விசர்ப் பிள்ளையள், ஆளுக்கொரு காதில கேட்டா எப்பிடி விளங்கும்?"

இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் கணவன். மேடையில் அவர்கள் நிற்கும் இடத்திலேயே குரலையும் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் மௌனம் என்று எழுதியதெல்லாம் அவன் கத்தியது. நீ வாய் திறக்காதவள் என்று கொண்டாடியவள் அவன் மூச்சுவிடும் ஒவ்வொரு இடத்திலும் பாடிக்கொண்டிருந்தாள். நகரத்தின் இரைச்சல் என்று நான் எழுதியது உன் காதிலிருந்து கசிந்த கணவன்.

முதலில் நீ சிரித்தாய். பிறகு நான். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சலவைக்காரர் டியூட்டியில நிண்டு பாடினா எந்தச் சூப்பர்வைசர் விடுவான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டாள்.

பிறகு நான் இரண்டு காதிலும் கேட்டேன். நீ கேட்டாய். யாரும் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருவர் பயமும் ஒன்றுதான் என்று. எதற்காக அந்த நேரத்தில் பாட வேண்டும் என்ற உன் கேள்விக்கு முதல்முறையாக ஒரு முழுப் பதில் கிடைத்தது. பேசினால் ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் பேச முடியும். பாட்டில்தான் இருவரும் ஒன்றாக, ஒருவரையொருவர் கேட்காமல் இருக்க முடியும்.

"எனக்க ஆல்ட்டோ மாதிரி" என்றாய். வெள்ளிக்கிழமைகளில் சர்ச் கொயரில் நீ பாடுவது ஆல்ட்டோ, மெட்டுக்குக் கீழே ஓடும் துணைக்குரல். ஒருமுறை உன் பகுதியை மட்டும் பாடச் சொன்னேன். அடுக்களையில் நின்று பாடினாய். ஒன்றும் விளங்கவில்லை. ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும், எங்கும் போகாத ஏதோ ஒன்று. "தனியாக் கேட்டா பைத்தியக்காரி பாடுகது மாதிரி இருக்கும். மத்தவ கூட நின்னு கேக்கணும்."

*

மறுநாள் எடிட்டரிடம் போய் அந்தப் பத்தியை எடுக்க வேண்டும் என்றேன்.

"பக்கத்திலேயே நல்ல பத்தி அதுதான்."

"அதில் இருக்கும் மௌனம் அந்தப் பாட்டில் இல்லை."

நடந்ததைச் சொன்னேன். இயர்ஃபோன், கட்டில், அக்கா. அவர் சிரிக்கவில்லை. கூந்தலிலிருந்து பென்சிலை உருவினார்.

"நம் வாசகர்களில் அந்தப் பாட்டைக் கேட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"இன்னொன்று. பக்கத்தின் தலைப்பு, யாருக்குக் கிடைக்கும். நீ நான்காவதுக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ராணிதான் வரும் என்று ஊரே சொல்கிறது. ராணியைப் போட்டால் நாலும் சரியாகலாம். உன் விசா இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. புரிகிறதா?"

"புரிகிறது."

"அப்படியானால்?"

"மூன்றுக்குக் கிடைக்கும் என்று எழுதுகிறேன். நான்காவதுக்குக் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இரண்டும் வேறு என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன்."

கடைசி வரியை முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். நீ பக்கத்தில் நின்றிருந்தால் இடுப்பில் குத்தியிருப்பாய். அவர் பென்சிலை மறுபடி கூந்தலில் செருகினார். மாலைக்குள் புதிய பத்தி வேண்டும் என்றார்.

மதியம் அறைக்கு ஓடி வந்தேன். நீ முன்பே வந்திருந்தாய். கையில் குபூஸ் ரொட்டியும் முட்டையும். "வல்லதும் தின்னியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாயில் திணித்தாய். நான் எழுத, நீ பாட்டை ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு. அழகு என்று யாரும் ஓரத்தில் எழுதாத ஒரு பத்தி. அவள் என்ன பாடுகிறாள், அதே நொடியில் அவன் என்ன பாடுகிறான், எந்தச் சொல்லில் இருவர் குரலும் தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. அவ்வளவுதான். எனக்கு வந்த முதல் நேரான உரைநடை அது என்று இப்போது தோன்றுகிறது.

அறிவிப்பு வந்த அன்று கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன்.

"போச்சா?"

"போச்சு. ராணி."

"மத்த மூணு?"

"வந்துருச்சு. அது எல்லாரும் சொன்னதுதானே."

"நாலாவதுதான நீ சொன்னது" என்றாய். பின்னால் யாரோ வலியில் கத்தினார்கள். "இரி, இரி பாய், ஆயாச்சு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னிடம்: "அழாத. வெள்ளாவி பஸ் ஷெட்டுக்குப் போனா போகட்டு. உனக்க பஸ்ஸு இன்னும் ஸ்டாண்ட்லதான் நிக்கு."

எடிட்டர் இரண்டு நாள் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் மேசையருகே வந்து நின்றார். அந்த நான்காவதைப் பற்றி வாசகர்கள் தனக்கு ஃபோன் செய்து சண்டை போடுகிறார்கள், இந்தப் பத்திரிகையோடு சண்டை போடலாம் என்று யாருக்கும் இதற்கு முன் தோன்றியதில்லை என்றார். அப்புறம், பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் கொண்டுவா என்றார். வெள்ளைப் பின்னணி.

வெள்ளாவி கோடைக்கு முன்பே மூடப்பட்டது. அதன் முழு இசைப்பதிவு வரவேயில்லை. நம்மிடம் இருந்தது அந்தத் துண்டுதான்.

*

அதன்பின் நமக்கு இரண்டு வசந்தங்கள் கிடைத்தன. ஒரு துளையிலிருந்து இரண்டு இயர்ஃபோன் போகும் சின்ன வயர் ஒன்றைக் கராமா கடையில் கண்டுபிடித்து நீ வாங்கி வந்தாய். "இனி யாருக்கும் பாதிப் பாட்டு கிடையாது." ஆனாலும் அதே பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வருடமும் மூன்றும் ஒன்றுமாக எழுதினேன். ஒவ்வொரு வருடமும் நான்காவது தவறியது.

பிறகு உன் காய்ச்சல். விடாத காய்ச்சல். ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் உன்னிடம் சொல்வதற்கு முன் நீயே வாசித்துவிட்டாய். வாசித்துவிட்டு மாலை டியூட்டியையும் பார்த்துவிட்டு வந்தாய். அதற்காக நான் உன்னை மன்னிக்கவில்லை.

லீவு என்றுதான் ஊருக்குப் போனாய். "ஆறு மாசத்துக்குள்ள திரும்பல்லன்னா விசா போயிரும். அதுக்குள்ள வந்துரணும்." உன் கட்டிலுக்கு வேறு யாரும் வந்துவிடாமல் அக்கா காவல் காத்தாள். பார்க்க வந்த ஒருத்தியிடம் மூட்டைப்பூச்சி என்று பொய் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் காலிங் கார்டைச் சுரண்டி உன்னைக் கூப்பிட்டேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரி. உன் அண்ணன் எடுத்து உன்னிடம் கொடுத்தார். குரல் பாதியாகியிருந்தது.

"ஏட்டி, இந்த வருசம் நாமினேஷன்ல நான் உண்டா?"

"உண்டு."

"எனக்குச் செரியாகுமா?"

"ஆயிடும்டி. கண்டிப்பா ஆயிடும்."

உன் மூச்சு இரைந்தது. பிறகு மெதுவாகச் சிரித்தாய்.

"ஆயிரும்னு சொல்லிட்ட பாத்தியா. பயந்துட்ட பிள்ளே."

ஃபோனை மற்ற காதுக்கு மாற்றினேன்.

"ஆகணும்னு சொல்லு. அதுதான் எனக்குத் தெம்பு."

"ஆகணும்."

"இன்னும் ஒறச்சு."

"ஆகணும்டி."

"ஆங். இப்ப செரி. நான் மருந்து குடிக்கேன். நீ பக்கத்த எழுது."

கார்டில் மீதம் இருந்தது. நீதான் வைத்துவிட்டாய், களைப்பாக இருக்கிறது என்று.

அதற்குப் பிறகு வந்த ஃபோன் உன் அண்ணனுடையது. நான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும்போது அடக்கம் முடிந்திருக்கும் என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. ஈர மண். பக்கத்தில் கடல் சத்தம். யாரோ எனக்குக் காப்பி கொடுத்தார்கள். உன் அம்மை என் கன்னத்தைத் தடவி, "நீதான் பாட்டு கேக்க பிள்ளையா?" என்று கேட்டாள்.

*

இப்போதைய செய்தி. பழைய எடிட்டர் லண்டன் திரும்பிவிட்டார். புதியவர் மும்பைக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், நல்ல மனிதர். போன வாரம் ஒரு வரைபடத்தோடு வந்தார். எந்த நாடகத்துக்கு யார் எவ்வளவு பந்தயம் கட்டுகிறார்கள் என்று வெளிநாட்டு இணையதளங்கள் சொல்கின்றனவாம். அவற்றைச் சேர்த்துப் போட்டால் நான்கும் சரியாக வரும். யாரும் கேட்க வேண்டியதில்லை. எழுத வேண்டியதுகூட இல்லை.

"உங்கள் நான்காவது ஒருமுறைகூட வந்ததில்லை" என்றார் மென்மையாக.

"தெரியும்."

"வாசகர்களுக்கு வேண்டியது கணிப்பு."

"மூன்று கணிப்பு கொடுக்கிறேனே."

"இந்த முறையும் தவறினால் அடுத்த வருடம் அந்தப் பக்கத்தை ஏஜென்சியிடமிருந்து வாங்கிக்கொள்வோம். உங்களுக்கு வேறு வேலை இருக்கும். கோபம் இல்லையே?"

கோபம் இல்லை. பயம் இருந்தது. பயம் வரும்போது ஆயிடும் என்று வாய் சொல்லத் துடிக்கும். அதை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நீ. யாராவது, ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும் என்று அவசரமாகச் சொன்னால் இப்போது நான் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். விடுமுறை கேட்டுக் காத்திருக்கும் ஆபீஸ் டிரைவர், ஊரில் மகனுக்குக் கல்லூரியில் சீட் கிடைத்துவிடும் என்று தினமும் சொல்லும் அக்கா. அவர்களுக்கு நான் கிடைக்கும் என்று சொல்வதில்லை. கிடைக்கணும் என்கிறேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடிவதில்லை. டிரைவருக்காக மானேஜரிடம் போய் நின்றேன். அக்காவின் மகனுக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒன்று நடந்தது, ஒன்று நடக்கவில்லை. ஒரு வினைமுற்றின் நடுவே நீ செருகிவிட்டுப் போன அந்த 'ணு' என்ற ஓரெழுத்து எனக்கு நிறைய வேலை வைக்கிறது.

இந்த வருட நாடகங்களைக் கேட்டு முடித்துவிட்டேன். மதியங்களில். கட்டிலில் தனியாக. இரண்டு காதிலும். மூன்றில் சந்தேகமில்லை. நான்காவதுக்கு ஊர் சொல்வது ஒன்று. நான் எடுத்திருப்பது, ஊமை மகளுக்கு ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒருவனைப் பற்றிய ஒரு சின்ன நாடகம். பேசவே முடியாதவள் எதற்காகப் பாடுகிறாள் என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. நீ கேட்டிருந்தால் திரும்பப் போடச் சொல்லியிருப்பாய். அல்லது வேண்டவே வேண்டாம் என்றிருப்பாய். நாம் சண்டை போட்டிருப்போம்.

அதற்குக் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். கிடைக்க வேண்டும் என்று எழுதி, ஏன் என்பதையும் முழுதாக எழுதி, என் பெயரைப் போட்டு, இன்று மாலை பக்கத்தை அனுப்பிவிட்டேன்.